பெரியவர்களிடம் கண்டறியப்படும் பிறவி நுரையீரல் இரத்தக் குழாய்க் குறைபாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறவியிலேயே இருந்த குறைபாடு நாற்பது, ஐம்பது வயதில்தான் தெரியவருவது எப்படி?

பெரும்பாலும் தற்செயலாகத்தான். விபத்துக்குப் பின்னோ, அறுவைச் சிகிச்சைக்கு முன்னோ, விட்டு விட்டு வரும் இருமலுக்காகவோ எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் ஏதோ ஒன்று பொருந்தாமல் தெரிய, அதைத் தொடர்ந்து எடுக்கும் சி.டி. ஸ்கேனில் குறைபாடு வெளிப்படுகிறது. அதுவரை அது மறைந்திருந்ததற்கான காரணம் நுரையீரல் இரத்தச் சுற்றின் இயல்பிலேயே இருக்கிறது. உடலின் பிற பகுதிகளுக்குச் செல்லும் தமனிகளில் அழுத்தம் 120/80 என்ற அளவில் இருக்க, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் பாதரசம் மட்டுமே. ஓய்வில் இருக்கும்போது நுரையீரலின் நுண்குழாய்களில் ஒரு பகுதி இரத்தமின்றிச் சுருங்கியே கிடக்கிறது. ஓடும்போதும் மாடி ஏறும்போதும் அவை திறந்துகொண்டு கூடுதல் இரத்தத்தை ஏற்கின்றன. பிறந்த நாள் முதல் ஒரு குழாய் இல்லாமலோ தவறான இடத்தில் சேர்ந்தோ இருந்தாலும், இந்தக் கையிருப்பு பல ஆண்டுகளுக்கு அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இயல்பான மூச்சு எப்படி இருக்கும் என்பதை ஒவ்வொருவரும் தம் மூச்சை வைத்துத்தான் அறிகிறார்கள். பள்ளி ஓட்டப் பந்தயங்களில் எப்போதும் கடைசியாக வந்தவர் தமக்கு ஓட்டம் வராது என்று நினைத்திருப்பாரே தவிர, தமக்கு ஒரு தமனி இல்லை என்று நினைத்திருக்க மாட்டார்.

இவை எத்தனை வகைப்படும்?

பெயர்கள் பல, அவற்றை மனப்பாடம் செய்வதைவிட மூன்று கேள்விகளைக் கேட்பது பயன் தரும். நுரையீரலின் அந்தப் பகுதிக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது? அங்கிருந்து எங்கே போகிறது? இடையில் நுண்குழாய்களைக் கடந்து போகிறதா, கடக்காமலே போகிறதா?

இயல்பான அமைப்பில் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் தமனி வழியாக ஆக்சிஜன் குறைந்த இரத்தம் வருகிறது. நுண்குழாய்களில் ஆக்சிஜனைப் பெறுகிறது. நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இதயத்தின் இடது மேலறைக்குச் சேர்கிறது. வரும் வழி பிழைத்தால், ஒரு பக்கத்து நுரையீரல் தமனி இல்லாமல் போகலாம், அல்லது நுரையீரலின் ஒரு பகுதிக்குப் பெருந்தமனியிலிருந்தே கிளை வரலாம். போகும் வழி பிழைத்தால், சிரை இடது மேலறைக்குப் பதிலாக உடலின் பெருஞ்சிரைகளில் ஒன்றில் போய்ச் சேரும். இடைவழி பிழைத்தால், தமனி நேரடியாகச் சிரையோடு இணைந்துவிடும், மருத்துவர்கள் ஏ.வி.எம். என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இந்த ஒவ்வொன்றின் தீங்கும் வேறு, சிகிச்சையும் வேறு. ஒரே வயதில், ஒரே விதமான ஸ்கேனில், எந்தத் தொந்தரவும் இல்லாத இருவரிடம் கண்டறியப்படும் இரு குறைபாடுகளில் ஒன்றை அப்படியே விட்டுவிடலாம், மற்றொன்றைச் சில வாரங்களில் அடைத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்வது முரண்பாடாகத் தோன்றக்கூடும். மேற்சொன்ன மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால் அதில் முரண்பாடு இல்லை.

ஒரு பக்கத்து நுரையீரல் தமனியே இல்லை என்கிறார்கள். நுரையீரல் இருக்கும்போது தமனி மட்டும் இல்லாமல் இருக்க முடியுமா?

முடியும். கருவில் ஆறாவது பெருந்தமனி வளைவிலிருந்து நுரையீரல் தமனிகளின் தொடக்கப் பகுதி உருவாகிறது. ஒரு பக்கத்தில் அந்த இணைப்பு உருவாகாமல் போனால், நுரையீரலுக்குள் இருக்கும் கிளைகள் கருவில் மட்டுமே திறந்திருக்கும் டக்டஸ் என்ற குழாயின் வழியாக இரத்தம் பெற்று வளர்கின்றன. பிறந்தபின் டக்டஸ் மூடிக்கொள்வது இயற்கை. அப்போது அந்தப் பக்கத்துக்கு வரும் நுரையீரல் தமனி இரத்தம் நின்றுபோகிறது. எனவே இல்லாமல் இருப்பது தமனியின் தொடக்கப் பகுதிதான்; உள்ளே இருக்கும் கிளைகள் நூலாக மெலிந்து எஞ்சியிருக்கும்.

1868இல் ஃபிரென்ட்செல் என்பவர் முதன்முதலில் விவரித்த இந்தக் குறைபாடு, இதயத்தில் வேறு பிழை எதுவும் இல்லாத நிலையில், ஏறத்தாழ 2,00,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. தனித்து வரும்போது வலப்பக்கத் தமனி இல்லாதிருப்பதே அதிகம். இடப்பக்கத் தமனி இல்லாவிட்டால் கூடவே ஃபாலோ நாற்கூட்டுக் குறைபாடு போன்ற இதயக் கோளாறுகளும் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே கண்டறியப்பட்டுவிடுகிறார்கள். பெரியவர்களிடம் புதிதாகத் தெரியவருவது பெரும்பாலும் வலப்பக்கக் குறைபாடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேயில் அந்தப் பக்கத்து நுரையீரல் சிறியதாகவும், இதயமும் மூச்சுக்குழாயும் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டும், உதரவிதானம் உயர்ந்தும் தெரியும். மறுபக்க நுரையீரல் பெருத்து நடுக்கோட்டைத் தாண்டியும் வந்திருக்கும்.

தமனி இல்லாத நுரையீரலிலிருந்து இரத்தம் கசிவது எப்படி?

இது மிக நியாயமான கேள்வி. இருமலில் இரத்தம் கண்டு வருபவர்களுக்கு இதைப் புரியவைப்பதே முதல் வேலை. நுரையீரல் தமனி இல்லாத பக்கத்துக்கு உடல் வேறு வழிகளில் இரத்தம் அனுப்பப் பழகிக்கொள்கிறது. மூச்சுக்கிளைத் தமனிகள், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தமனிகள், மார்பின் முன்சுவரிலுள்ள தமனி, உதரவிதானத் தமனி, காறை எலும்புக்குக் கீழுள்ள தமனி ஆகியவற்றிலிருந்து கிளைகள் பருத்து வளைந்து நுரையீரலுக்குள் நுழைகின்றன. இவையெல்லாம் பெருந்தமனியின் வழிவந்தவை. அவற்றில் ஓடும் இரத்தத்தின் அழுத்தம் நுரையீரல் தமனியில் இருப்பதைப் போலப் பல மடங்கு. மெல்லிய சுவர் கொண்ட குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கி, ஒரு நாள் கிழிகின்றன. சிலருக்குச் சளியில் கோடு போட்டாற்போல இரத்தம் வந்து நின்றுவிடும். சிலருக்கு உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் பெருகும்.

108 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வில் 44 விழுக்காட்டினருக்கு நுரையீரல் மிகை இரத்த அழுத்தமும், 37 விழுக்காட்டினருக்கு அடிக்கடி நுரையீரல் தொற்றும், 20 விழுக்காட்டினருக்கு இருமலில் இரத்தமும் இருந்தன. 13 விழுக்காட்டினருக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மருத்துவ இதழில் இடம்பெறுவது ஏதோ தொந்தரவோடு வந்தவர்களின் கதைதான்; வாழ்நாள் முழுவதும் ஸ்கேன் எடுக்காமலே இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆகவே தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒருவர் 44 விழுக்காடு என்ற எண்ணைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனை செய்து, அந்த அழுத்தம் தமக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது கட்டாயம்.

அந்தப் பக்கத்தில் தொற்று ஏன் அடிக்கடி வருகிறது?

நுரையீரல் தமனி இரத்தம் வராத காற்றறைகளுக்குக் கரியமில வாயுவும் வந்து சேர்வதில்லை. கரியமில வாயு குறைந்தால் அருகிலுள்ள மூச்சுக்கிளைகள் சுருங்கும். சுருங்கிய கிளைகளில் சளி தேங்கும். தொற்றை எதிர்க்கும் அணுக்களும் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. மீண்டும் மீண்டும் தொற்று ஏற்பட்ட இடத்தில் மூச்சுக்கிளைகள் நிலையாக விரிந்துபோவதும் உண்டு.

இதை வேறு நோயாகத் தவறாகக் கருதிவிட வாய்ப்பு இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. குழந்தைப் பருவத்து நுரையீரல் தொற்றுக்குப் பின் ஒரு பக்க நுரையீரல் வளர்ச்சி குன்றுவது ஸ்வையர்–ஜேம்ஸ்–மெக்லியோட் நோய்த்தொகுதி எனப்படுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். மூச்சை முழுவதும் வெளிவிட்ட நிலையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இவற்றைப் பிரித்துக் காட்டும்: ஸ்வையர்–ஜேம்ஸ் நோயில் காற்று வெளியேறாமல் அடைபட்டு நிற்கும், தமனி இல்லாத நுரையீரலில் அப்படி நிற்காது.

அதைவிட முக்கியமான குழப்பம் நாட்பட்ட இரத்த உறைவால் தமனி அடைபடும் நோயோடு ஏற்படுவது. தமனி தொடக்கத்திலேயே முடிந்துபோயிருப்பதைக் கண்டு, உறைந்த இரத்தம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கருதி, தேவையில்லாமல் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட நேரலாம். பெருந்தமனி அழுத்தத்தில் இயங்கும் பலவீனமான குழாய்கள் நிறைந்த நுரையீரலை வைத்திருப்பவருக்கு அந்த மருந்து கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறவிக் குறைபாட்டில் நுரையீரலே சிறியதாக இருக்கும், தமனி தோன்றும் இடத்துக்கு மிக அருகிலேயே வழவழப்பாக முடிந்திருக்கும், பெருந்தமனி வளைவு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பழைய எக்ஸ்ரே எதையாவது தேடி எடுக்க முடிந்தால், அதுவே பல நேரங்களில் விலை உயர்ந்த பரிசோதனைகளைவிட நல்ல சாட்சி. இருபது ஆண்டுகளுக்கு முன்பும் அந்த நுரையீரல் அதே போலச் சிறியதாக இருந்தால் விவாதம் முடிந்துவிடும்.

பெரியவர்களுக்குத் தமனியைப் புதிதாக இணைத்துவிட முடியாதா?

கைக்குழந்தைப் பருவத்தில் இணைப்பது உண்டு; அப்போது உள்ளே இருக்கும் கிளைகள் வளரும் திறனோடு இருக்கும். பெரியவர்களிடம் அவை நூல்போல மெலிந்து, நார்த்தன்மை அடைந்திருப்பதால் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே பெரியவர்களுக்கான சிகிச்சை, ஏற்படும் தொந்தரவைப் பொறுத்ததே. தொந்தரவு இல்லையென்றால் குறிப்பிட்ட இடைவெளிகளில் எக்கோ செய்து கண்காணிக்கலாம். நுரையீரல் மிகை இரத்த அழுத்தம் இருந்தால் அதற்குரிய மருந்துகள் உண்டு. இரத்தம் கசிந்தால், கசிவுக்குக் காரணமான கிளைத் தமனிகளை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் முதல் வழி; அடைத்தபின்னும் உடல் புதிய கிளைகளைத் தேடிக்கொள்ளும் என்பதால் கசிவு திரும்பலாம். எதற்கும் அடங்காத கசிவுக்கோ தொற்றுக்கோ அந்த நுரையீரலை அகற்றுவது கடைசி வழி. அந்த அறுவைச் சிகிச்சையில் மார்புச் சுவரிலிருந்து நுழையும் எண்ணற்ற குழாய்களே பெரிய சவால் என்பதால், முன்கூட்டியே அவற்றைப் படமெடுத்து அடைத்துவிட்டு அறுவையைத் தொடங்குவது நல்லது.

ஒரு நுரையீரல் சிரை தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று அறிக்கையில் வந்திருக்கிறது. உடனே அறுவைச் சிகிச்சை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பெரியவர்களின் சி.டி. ஸ்கேன்களில் தற்செயலாக அடிக்கடி காணப்படுவது, இடது மேல் மடலின் சிரை இடது மேலறைக்குப் போகாமல் கழுத்தின் அடியிலுள்ள சிரையில் போய்ச் சேர்வது. ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தில் ஒரு பங்கு உடலைச் சுற்றாமலே மீண்டும் இதயத்தின் வலப்பக்கத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். வீணாக ஒரு சுற்றுச் சுற்றுகிறதே தவிர, கலப்படமான இரத்தம் உடலுக்குப் போவதில்லை. நான்கு சிரைகளில் ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தால் வலப்பக்க இதயத்தின் மேல் ஏறும் கூடுதல் சுமை பொதுவாகச் சிறியது. உடலுக்குப் போகும் இரத்தத்தைவிட நுரையீரலுக்குப் போகும் இரத்தம் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வலப்பக்க இதயமும் விரிந்திருந்தால், சிரையை உரிய இடத்தில் இணைக்கும் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

வலது மேல் சிரை இடம் மாறியிருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதனோடு இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரின் மேற்பகுதியில் ஓட்டை இருப்பது வழக்கம். மார்பின் மேல் வைத்துச் செய்யும் சாதாரண எக்கோவில் அந்த ஓட்டை எளிதில் தப்பிவிடும். காரணம் தெரியாமல் வலப்பக்க இதயம் விரிந்திருக்கும் பெரியவர்களிடம் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ பிறக்கும் டர்னர் நோய்த்தொகுதி உள்ள பெண்களிடம் சிரை இடம் மாறுவது மற்றவர்களைவிட அதிகம்.

ஓர் உபரிச் செய்தி: இடது மேல் சிரை இடம் மாறியவர்களுக்குக் கழுத்தின் இடப்பக்கம் மையச் சிரைக் குழாய் செலுத்தும்போது, குழாய் எதிர்பாராத இடத்தில் போய் நிற்பதும், பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் வருவதும் உண்டு. தமனியைக் குத்திவிட்டோமோ என்று அங்கிருப்பவர்கள் திகைப்பார்கள். சிலருக்கு இந்தக் குறைபாடு தெரியவந்ததே அப்படித்தான்.

வளைவாள் நோய்த்தொகுதி என்றால் என்ன?

வலது நுரையீரலின் சிரைகள் எல்லாமோ சிலவோ ஒன்றாகச் சேர்ந்து, இதயத்தின் ஓரமாக வளைந்து இறங்கி, கீழ்ப் பெருஞ்சிரையில் சேரும் அமைப்பு இது. எக்ஸ்ரேயில் அந்தச் சிரை சிமிட்டார் என்ற வளைந்த வாளைப் போலத் தெரிவதால் இந்தப் பெயர். வலது நுரையீரல் சிறியதாகவும் இதயம் வலப்புறம் நகர்ந்தும் இருக்கும். நுரையீரலின் அடிப்பகுதிக்குப் பெருந்தமனியிலிருந்து தனிக் கிளை வருவதும் உண்டு. 1836இலேயே இருவர் தனித்தனியே இதை விவரித்துவிட்டனர். குழந்தைகளிடம் தெரியவரும்போது கடுமையாகவும், பெரியவர்களிடம் தெரியவரும்போது பெரும்பாலும் மிதமாகவும் இருக்கும். மிதமாக இருந்ததால்தானே அத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்தது!

நுரையீரல் ஏ.வி.எம். என்பதை மட்டும் ஏன் இவ்வளவு தீவிரமாகப் பேசுகிறார்கள்?

நுரையீரலுக்கு மூச்சைத் தவிர இன்னொரு வேலை இருப்பதால். உடல் முழுவதிலிருந்தும் திரும்பி வரும் இரத்தத்தில் சிறு உறைகட்டிகளும், பல் ஈறு போன்ற இடங்களிலிருந்து நுழைந்த கிருமிகளும், சில நேரங்களில் காற்றுக் குமிழிகளும் கலந்திருக்கும். சிவப்பணு ஒன்று நுழையும் அளவே அகலமுள்ள நுரையீரல் நுண்குழாய்கள் இவற்றைச் சல்லடைபோல வடிகட்டிவிடுகின்றன. ஏ.வி.எம்.மில் தமனி நேரடியாகச் சிரையோடு சேர்ந்துவிடுவதால் அந்த இடத்தில் சல்லடையே இல்லை. நுரையீரலில் ஓட்டையென்றால் மூச்சுதான் திணறும் என்று நினைக்கிறோம். உண்மையில் அடிபடுவது மூளை. உறைகட்டி தப்பினால் பக்கவாதம். கிருமி தப்பினால் மூளையில் சீழ்க்கட்டி. ஒற்றைத் தலைவலியும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்த விபத்துகள் ஏ.வி.எம். பெரியதாக இருப்பவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 97 காட்டுபவர், மூச்சுத்திணறலே அறியாதவர், பக்கவாதத்தோடு மருத்துவமனைக்கு வந்த பிறகு ஏ.வி.எம். கண்டறியப்படுவது உண்டு. அறிகுறி இல்லை என்ற ஆறுதலை இங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எந்தத் தொந்தரவும் இல்லையே, எதற்குச் சிகிச்சை என்று தள்ளிப்போடுவதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

அறிகுறி இருக்கும்போது அது சில நேரங்களில் விசித்திரமாக இருக்கும். ஏ.வி.எம்.கள் பெரும்பாலும் கீழ் மடல்களில் அமைவதால், எழுந்து நிற்கும்போது புவியீர்ப்பினால் அவற்றின் வழியாக ஓடும் இரத்தம் கூடுகிறது; ஆக்சிஜன் அளவு குறைகிறது. படுத்தால் சரியாகிவிடுகிறது. இதய நோயாளிகளுக்குப் படுத்தால்தான் மூச்சு முட்டும், இங்கே நேர்மாறு.

இது எப்படி உறுதி செய்யப்படுகிறது?

முதல் சோதனை எளிமையானது. உப்புநீரை நன்றாகக் குலுக்கி, நுண்ணிய காற்றுக் குமிழிகள் உண்டாக்கி, கைச் சிரையில் செலுத்திவிட்டு எக்கோவில் பார்ப்பார்கள். சல்லடை சரியாக இருந்தால் குமிழிகள் இதயத்தின் வலப்பக்கத்தோடு நின்றுவிடும். இதய மேலறைகளுக்கு இடையே ஓட்டை இருந்தால் சில துடிப்புகளுக்குள் இடப்பக்கத்தில் தோன்றும். நுரையீரலைச் சுற்றிவர நேரம் ஆகும் என்பதால், ஏ.வி.எம். இருந்தால் மூன்று துடிப்புகளுக்குப் பிறகே பொதுவாகத் தோன்றும். அடுத்து, மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன், இதற்குச் சாய மருந்து கட்டாயமில்லை.

ஸ்கேனில் ஏ.வி.எம். ஓர் உருண்டையான கட்டிபோலத் தெரிவதால் புற்றுநோயோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த உருண்டைக்குள் நுழையும் ஒரு குழாயும் அதிலிருந்து வெளியேறும் ஒரு குழாயும் தெரிகின்றனவா என்று பார்க்காமல் ஊசி செலுத்தித் திசு எடுக்க முயன்றால் பெரும் இரத்தக் கசிவில் முடியலாம். சிரை ஒன்று மட்டும் இயல்புக்கு மாறாகப் பருத்து உருண்டையாகத் தெரிவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் சிகிச்சை எதுவும் தேவைப்படாது.

எனக்கு மூக்கில் அடிக்கடி இரத்தம் வடியும், தந்தைக்கும் அப்படித்தான். இதற்கும் ஏ.வி.எம்.முக்கும் தொடர்பு உண்டா?

மிக நெருங்கிய தொடர்பு உண்டு. நுரையீரல் ஏ.வி.எம். உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எச்.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், நுண் இரத்தக் குழாய்கள் விரிந்து கசியும் பரம்பரை நோய் இருக்கிறது. 5,000 முதல் 8,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ராந்து (Rendu) என்ற மருத்துவர் 1896இலும், ஆஸ்லர் 1901இலும், வெபர் 1907இலும் இதைப் பற்றி எழுதியதால் மூவர் பெயராலும் வழங்கப்படுகிறது.

இதைக் கண்டறிய கியூரசாவ் அளவுகோல் என்ற நான்கு கேள்விகள் போதும். தானாக, திரும்பத் திரும்ப மூக்கில் இரத்தம் வடிகிறதா? உதடு, நாக்கு, விரல் நுனி, மூக்கு ஆகிய இடங்களில் அழுத்தினால் மறையும் சிவப்புப் புள்ளிகள் உள்ளனவா? நுரையீரல், கல்லீரல், மூளை, குடல் ஆகியவற்றில் ஏ.வி.எம். போன்ற குழாய்க் கோளாறு உண்டா? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் யாருக்காவது இந்த நோய் உள்ளதா? மூன்றுக்கு ஆம் என்றால் நோய் உறுதி. இரண்டென்றால் ஐயம் வலுவானது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. எண்டோக்ளின், ஏ.சி.வி.ஆர்.எல்.1, ஸ்மாட்4 ஆகிய மரபணுக்களில் மாற்றம் உள்ளதா என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவரிடம் மாற்றம் கண்டறியப்பட்டுவிட்டால், மற்றவர்களிடம் அதே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும்.

மூக்கில் இரத்தம் வடிவது சூட்டினால் என்று பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் இளவயதில் பக்கவாதம் வந்தவரோ, மூளையில் கட்டி வந்து இறந்தவரோ இருந்தால், அந்தச் சூட்டுக் கதையை மறுபடி விசாரிக்க வேண்டும்.

ஏ.வி.எம்.மை எப்படி அடைக்கிறார்கள்?

தொடைச் சிரையில் நுண்ணிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, ஏ.வி.எம்.முக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிக்குள் நுழைந்து, அங்கே உலோகச் சுருளையோ அடைப்பானையோ வைத்துவிடுவார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மயக்க நிலையும் தேவைப்படாது. 1977 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறை, மடலையே வெட்டி எடுத்த பழைய அறுவைச் சிகிச்சையை ஏறத்தாழ முழுமையாக ஓரங்கட்டிவிட்டது. இரத்தம் கொண்டுவரும் தமனியின் விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அடைத்துவிடுவதே இன்றைய வழிகாட்டுதல். பின்பு சில நாட்கள் மூச்சை இழுக்கும்போது மார்பில் வலிக்கலாம்.

அடைத்த குழாய் மீண்டும் திறந்துகொள்வதும், விடப்பட்ட சிறிய ஏ.வி.எம்.கள் வளர்வதும் உண்டு. ஆகவே 6 முதல் 12 மாதங்களுக்குள் ஒரு சி.டி. ஸ்கேனும், பின்னர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றும் தேவை. ஒருமுறை அடைத்தாயிற்று என்று கணக்கை முடித்துவிட முடியாது.

அன்றாட வாழ்வில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஏ.வி.எம். உள்ளவர்கள், அடைத்த பிறகும்கூட, பல் பிடுங்குவது போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடிய சிகிச்சைகளுக்கு முன் கிருமி எதிர்ப்பு மருந்து (ஆன்டிபயாடிக்) எடுத்துக்கொள்ள வேண்டும். பற்களையும் ஈறுகளையும் பேணுவது இவர்களுக்கு மூளையைப் பேணுவதற்குச் சமம். சிரை வழியாக மருந்தோ திரவமோ ஏற்றும்போது குழாயில் காற்றுக் குமிழி இல்லாதபடி செவிலியரிடம் சொல்லிவைக்க வேண்டும். வடிகட்டி பொருத்தினால் நல்லது. காற்றுருளையோடு ஆழ்கடலில் மூழ்குவதை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் மேலே வரும்போது இரத்தத்தில் உண்டாகும் நைட்ரஜன் குமிழிகள் நேராக மூளைக்குப் போக முடியும்.

பலர் கவனிக்கத் தவறுவது இரும்புச்சத்து. மூக்கில் வடியும் இரத்தத்தால் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு கூடுகிறது என்பது 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. எனவே ஹீமோகுளோபினோடு நின்றுவிடாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்க வேண்டும்.

மலைப்பயணமும் விமானப் பயணமும் செய்யலாமா?

ஒரு பக்கத் தமனி இல்லாதவர்களுக்கு மலைப்பயணம்தான் கவலைக்குரியது. உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் தமனிகள் சுருங்கும். இரத்தம் முழுவதையும் ஒரே நுரையீரல் தாங்கும் நிலையில் அதன் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வலது தமனி இல்லாத நால்வருக்கு மிதமான உயரத்திலேயே இப்படி நேர்ந்ததை 1980இல் ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. விமானப் பயணத்தைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள்; ஆக்சிஜன் அளவு முன்பே குறைவாக இருப்பவர்களும் நுரையீரல் மிகை இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

கருத்தரிக்கலாமா?

குறைபாட்டைப் பொறுத்தது. நுரையீரல் மிகை இரத்த அழுத்தம் இருந்தால் கர்ப்பம் தாயின் உயிருக்கே பெரும் ஆபத்து. தவிர்க்கவே அறிவுரை சொல்லப்படும். ஏ.வி.எம். உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கர்ப்பகாலத்தில் இரத்த ஓட்டம் கூடி ஏ.வி.எம். வெடிக்கலாம், எச்.எச்.டி. உள்ள பெண்களின் கர்ப்பங்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டில் தாய் இறக்க நேர்ந்ததாக 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நோய் இருப்பதை முன்பே அறிந்திருந்தவர்கள் பிழைத்த வாய்ப்பு கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. கருத்தரிப்பதற்கு முன்பே அடைத்துக்கொள்வது சிறந்தது. கர்ப்பத்தில் கண்டறியப்பட்டால் இரண்டாம் மும்மாதத்தில் அடைக்கலாம்.

நுரையீரலின் அடிப்பகுதிக்குப் பெருந்தமனியிலிருந்து கிளை வருகிறது என்றால்?

பெரும்பாலும் இது சீக்வெஸ்ட்ரேஷன், அதாவது மூச்சுக்கிளைகளோடு முறையான தொடர்பின்றித் தனித்து நிற்கும் நுரையீரல் திசு. 1946இல் பிரைஸ் இட்ட பெயர் இது. இடது கீழ் மடலில் அதிகம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வரும் பெரியவரிடம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சிலரிடம் திசு முற்றிலும் இயல்பாக இருந்து, தமனி மட்டும் பெருந்தமனியிலிருந்து வரும். அடிக்கடி தொற்றோ இரத்தக் கசிவோ இருந்தால் அந்தப் பகுதியை அகற்றுவார்கள். அந்தத் தமனி இருப்பது அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வெட்டுப்பட்டால் அது உதரவிதானத்துக்குக் கீழே சுருங்கிக்கொண்டு பெருங்கசிவை உண்டாக்கும்.

அவசரச் சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும்?

குறைபாட்டின் பெயரும், அது எந்தப் பக்கம் என்பதும் எழுதிய ஒரு தாளைக் கைப்பையில் வைத்திருப்பது நல்லது. இவை அரிய குறைபாடுகள் என்பதால், பணியில் இருக்கும் மருத்துவர் இதற்கு முன் ஒருவரைக்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். ஏ.வி.எம். உள்ளவருக்குத் திடீரெனக் கை கால் செயலிழந்தாலோ, காய்ச்சலோடு கடுமையான தலைவலி வந்தாலோ, எனக்கு நுரையீரலில் ஏ.வி.எம். இருக்கிறது என்ற ஒரு வரி மூளைச் சீழ்க்கட்டியைத் தேட வைக்கும். இருமலில் இரத்தம் பெருகினால், எந்தப் பக்கத்தில் குறைபாடு உள்ளதோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு உதவிக்கு அழைக்க வேண்டும். அப்போதுதான் கசியும் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் புகாமல் இருக்கும்.